நாளாந்த வாழ்விலே நகை

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது தமிழர் வீடுகளில் வழங்கும் பழமொழி. அதைச் சொல்லாத பாட்டியும் இல்லை; கேளாத பேரனும் இல்லை. ஆயினும், பல கைபட்ட நாணயம் முத்திரை தேய்ந்துபோவதுபோலப் பலமுறை சொல்லப்பட்ட பழமொழியும் பொருள் தேய்ந்துபோவதுண்டு. ஒரு சாரார் இதனைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, முன்போலவே முகத்தை இறுக்கிக்கொண்டு தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுகின்றனர். மற்றொரு சாரார் சிரிப்பை மருந்துக் குளிகையாகவே எண்ணி, நாளுக்கு எத்தனை முறை சிரித்தால் எந்த நோய் எத்தனை நாளில் மாறும் என்று கணக்குக் கேட்கின்றனர். இவ்விரு சாராரும் பழமொழியின் உட்பொருளைத் தவறவிட்டவர்களே. சிரிப்பு உடலுக்கு என்ன செய்கிறது, உள்ளத்துக்கு என்ன செய்கிறது, இவ்விரண்டினும் மேலாக மனிதருக்கும் மனிதருக்குமிடையே என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்து பார்த்தால்தான் அப்பழமொழியின் மெய்யும் எல்லையும் விளங்கும்.

சிரிப்பை இலேசான பொருளென்று கருதும் வழக்கம் பெரியோரிடத்திலே வேரூன்றியிருக்கிறது. பிள்ளை சிரித்தால் அழகு. பெரியவர் சிரித்தால் மதிப்புக் குறையும் என்பது பலருடைய எண்ணம். குடும்பத் தலைவர் சிரித்துப் பேசினால் பிள்ளைகள் கட்டுக்கடங்கமாட்டார்கள். ஆசிரியர் சிரித்தால் வகுப்புக் குழம்பிவிடும். மேலதிகாரி சிரித்தால் கந்தோரில் வேலை நடவாது. இத்தகைய அச்சங்களினாலே எத்தனையோ நல்ல மனிதர்கள் தம் முகத்துக்குத் தாமே பூட்டுப் போட்டுக்கொண்டு வாழ்கின்றனர். பூட்டியவர்கள் திறவுகோலை எங்கே வைத்தோம் என்பதையும் காலப்போக்கில் மறந்துவிடுகின்றனர்.

பண்டைத் தமிழறிஞர் சிரிப்பை இவ்வாறு தாழ்வாக எண்ணவில்லை. உள்ளத்து உணர்வுகள் உடலிலே புலப்படும் வகையைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டாகப் பகுத்துக் கூறுகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. வீரத்தோடு தொடர்புடைய பெருமிதமும், மகிழ்ச்சியாகிய உவகையும் அந்த வரிசையில் இருக்க, முதலிடம் நகைக்கே தரப்பட்டிருக்கிறது. நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை என்பது குழந்தைத்தன்மை. பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பது சொன்னதைச் சொன்னபடியே நம்பும் வெள்ளையுள்ளம். இதற்கு உரை வகுத்த பேராசிரியர் இன்னொரு நுட்பத்தையும் எடுத்துக்காட்டுகிறார். பிறரை எள்ளித் தான் நகுவதும் நகையே. பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவதும் நகையே. மற்றவரைப் பார்த்துச் சிரிப்பதற்குக் கண் இருந்தால் போதும். தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பதற்கு உள்ளத்திலே ஓர் அகலம் வேண்டும்.

வள்ளுவரும் இவ்விடயத்தைப் பண்போடு சேர்த்தே எண்ணியிருக்கிறார். பண்புடைமை என்னும் அதிகாரத்தில், பிறரோடு கலந்து முகமலர்ந்து மகிழ இயலாதவருக்கு இம்மாபெரும் உலகம் பட்டப்பகலிலும் இருண்டே கிடக்கும் என்ற கருத்தை அவர் வைக்கிறார். துன்பத்துக்கு அஞ்சாமையைச் சொல்லும் இடுக்கண் அழியாமை அதிகாரத்தையோ, இடர் வரும்போது நகுக என்னும் அறிவுரையோடுதான் தொடங்குகிறார். நகைத்தல் என்பது பொழுதுபோக்கு மாத்திரமன்று, அது மனிதத் தகைமைகளுள் ஒன்று என்பதே இதனாற் பெறப்படும் கருத்தாகும்.

இனி, உடலைப் பற்றிய செய்திக்கு வரலாம். ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கும்போது நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே உள்ள பிரிமென்றகடும், விலாவென்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் விட்டுவிட்டுச் சுருங்குகின்றன. மூச்சு சிறு சிறு அலைகளாக வெளியேறுகிறது. இதயத் துடிப்புச் சற்று விரைகிறது. சிரிப்பு ஓய்ந்ததும் தசைகள் தளர்ந்து உடல் இளைப்பாறுகிறது. நன்றாகச் சிரித்தவர் சுவரிலே சாய்வதும், கையிலிருந்த பொருளை நழுவவிடுவதும் இதனாலேதான். முகத்துச் சிரிப்பை ஆராய்ந்து 1862ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட டூஷென் என்னும் பிரெஞ்சு வைத்தியர், உண்மைச் சிரிப்பிலே இருவகைத் தசைகள் ஈடுபடுகின்றன எனக் காட்டினார். உதட்டின் ஓரத்தை மேலே இழுக்கும் கன்னத் தசையை எவரும் தம் விருப்பப்படி இயக்கலாம். கண்ணைச் சூழ்ந்திருக்கும் தசையோ எளிதில் ஏவலுக்குப் பணிவதில்லை. உள்ளம் மலர்ந்தால்தான் அது சுருங்கும் என்பது அவர் கருத்து. புகைப்படத்துக்காகச் சிரிக்கும் முகத்திலே கண் மாத்திரம் சிரிக்காமல் நிற்பதன் காரணம் இதுவே.

சிரிப்பினால் நோய் தணிந்ததாகப் பெரிதும் பேசப்படும் வரலாறு ஒன்று உண்டு. நோர்மன் கசின்ஸ் என்பவர் அமெரிக்கப் பத்திராதிபர்களுள் ஒருவர். 1964ஆம் ஆண்டில் முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் வருத்தும் கொடிய நோயொன்று அவரைப் படுக்கையிலே தள்ளியது. புரண்டு படுப்பதும் வேதனையாயிற்று. அவர் தம் வைத்தியரின் ஒத்துழைப்போடு மார்க்ஸ் சகோதரர்களின் நகைச்சுவைத் திரைப்படங்களைத் தருவித்துப் பார்க்கத் தொடங்கி, பின்னர் வைத்தியசாலையை விட்டு விடுதி அறை ஒன்றுக்கு மாறினார். பத்து நிமிட நேரம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரமாவது வலியின்றி உறங்க முடிகிறது என்பதை அவர் கண்டார். நாளடைவில் நலமும் பெற்றார். தம் அனுபவத்தை 1976ஆம் ஆண்டில் மருத்துவச் சஞ்சிகையொன்றில் கட்டுரையாகவும், 1979ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார்.

இதைக் கேட்டவுடன், மருந்தை வீசிவிட்டுச் சிரிக்கத் தொடங்கலாம் என்று முடிவு கட்டுவது பேதைமையாகும். கசின்ஸ் அக்காலத்தில் உயிர்ச்சத்து சீயையும் பெருமளவில் ஏற்றுக்கொண்டார். வைத்தியரின் கண்காணிப்பிலும் இருந்தார். தனியொருவர் அனுபவம் எவ்வளவு வியப்பூட்டுவதாயினும், அது நிறுவப்பட்ட மருத்துவமாகிவிடாது. 2013ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான மீளாய்வொன்று, சிரிப்பின் நன்மைகளோடு அதனால் விளையக்கூடிய தீங்குகளையும் தொகுத்துக் கூறியிருக்கிறது. தொய்வு நோயுள்ளவருக்குக் கடுஞ்சிரிப்பு மூச்சுத்திணறலை வருவிக்கலாம். குடலிறக்கம் உள்ளவருக்கும் அது கேடாகலாம். உடல் இளைப்பதற்குச் சிரிப்பை நம்பியிருப்பவருக்கும் ஏமாற்றமே. நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் சிரித்தால் பத்து முதல் நாற்பது கலோரி வரைதான் செலவாகும் என 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கணித்தது. அரை வாழைப்பழம் உண்டால் அக்கணக்குத் தீர்ந்துவிடும்.

அவ்வாறாயின் பழமொழி பொய்யோ என்றால், அதுவும் அன்று. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் செய்து, 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஓர் உண்மையைக் காட்டியது. சிலருக்கு நகைச்சுவைக் காட்சிகளும், வேறு சிலருக்குச் சிரிப்பூட்டாத காட்சிகளும் காட்டப்பட்டன. பின்னர், உறைந்த குளிர்ப்பட்டையைக் கையிலே சுற்றியோ, இரத்த அழுத்தம் அளக்கும் பட்டையை இறுக்கியோ, எவ்வளவு நேரம் வலியைத் தாங்குகிறார்கள் என்று சோதிக்கப்பட்டது. கூடியிருந்து சிரித்தவர்களின் வலி தாங்கும் ஆற்றல் உயர்ந்திருந்தது. மனத்துக்கு இதமாய் இருந்தும் சிரிப்பு மூட்டாத காட்சிகள் அந்தப் பயனைத் தரவில்லை. பின்லாந்து நாட்டின் தூர்க்கு நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு ஆண்கள் தம் நெருங்கிய நண்பர்களோடு அரைமணி நேரம் நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்துச் சிரித்த பின்னர் அவர்களின் மூளை படம் பிடிக்கப்பட்டது. வலியைத் தணித்து இதமளிக்கும் இயற்கைச் சுரப்புகள் மூளையிலே வெளிப்பட்டிருந்தன. மனித உடல் தனக்குத் தானே ஆக்கிக்கொள்ளும் நோவாற்றி அது. நண்பரின் தோளோடு தோள் சேர்ந்து சிரிக்கும்போது அது சுரக்கிறது.

இங்கே கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவ்வாராய்ச்சிகளில் நன்மை பெற்றவர்கள் கூடியிருந்து சிரித்தவர்கள். அமெரிக்க உளவியலறிஞர் றொபேட் புறொவைன் சிரிப்பைத் தேடி ஆய்வுகூடத்தை விட்டு வெளியேறி, கடைத்தெருக்களிலும் நடைபாதைகளிலும் மக்கள் இயல்பாகச் சிரிக்கும் தறுவாய்களை ஏறத்தாழ 1200 வரை குறித்துக்கொண்டார். அவருக்குக் கிடைத்த முடிவு எதிர்பாராதது. அச்சிரிப்புகளில் மிகச் சிறு பகுதியே நகைச்சுவைப் பேச்சின் பின்னே எழுந்தது. எஞ்சியவை யாவும் “அப்படியானால் நாளைக்குச் சந்திப்போம்”, “நானும் அதைத்தான் எண்ணினேன்” என்பன போன்ற சாதாரணப் பேச்சுகளைத் தொடர்ந்தே பிறந்தன. கேட்பவரைவிடச் சொல்பவரே அதிகமாகச் சிரித்தார். மனிதர் தனித்திருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு சேர்ந்திருக்கும்போது முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கின்றனர் என்பதும் அவர் கண்ட முடிவு.

ஆகவே, சிரிப்பு என்பது நகைச்சுவைத் துணுக்கின் விளைவு என்று எண்ணியிருப்பது பெரும் பிழை. அது கூடிவாழ்வதன் விளைவு. மனிதர் இருவர் ஒருவரையொருவர் அஞ்சாமல் அருகே இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. ஒரு வீட்டிலே சிரிப்புக் குறைந்துவிட்டது என்றால், அங்கே நகைச்சுவை குறைந்துவிட்டது என்று பொருளன்று. அங்கே அச்சமோ, தனிமையோ, பேசாத மனத்தாங்கலோ புகுந்துவிட்டது என்றே பொருள்.

மும்பாய் நகரில் எழுந்த சிரிப்புக் கழகத்தின் வரலாறும் இதையே வலியுறுத்துகிறது. மதன் கட்டாரியா என்னும் வைத்தியர் 1995ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் நாள் காலையிலே பொதுப் பூங்கா ஒன்றில் ஐந்து பேருடன் அக்கழகத்தைத் தொடங்கினார். வட்டமாக நின்று ஒருவர்பின் ஒருவராக நகைச்சுவைத் துணுக்குச் சொல்வதுதான் முதலில் முறையாக இருந்தது. சில நாட்களில் நல்ல துணுக்குகள் தீர்ந்துபோயின. பிறரைப் புண்படுத்தும் துணுக்குகள் தலைகாட்டின. உறுப்பினர் சிலர் மனம் வருந்தினர். அதன்பின் அவர் துணுக்குகளை முற்றாக விலக்கி, மூச்சுப் பயிற்சியோடு காரணமின்றியே கூடிநின்று சிரிக்கும் முறையை வகுத்தார். செயற்கையாகத் தொடங்கும் சிரிப்பு, எதிரே நிற்பவரின் முகத்தைக் கண்டதும் இயற்கையாக மாறிவிடுகிறது. அக்கழகம் இன்று பல நாடுகளிலே கிளைவிட்டிருக்கிறது. துணுக்குத் தீர்ந்தபின்னும் சிரிப்புத் தீரவில்லை என்பதே அதிலுள்ள படிப்பினை.

கூடிச் சிரிப்பதற்கு இலங்கையர் அயல்நாட்டைப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. இந்நாட்டின் இரு மொழிகளிலும் அதற்கு வேண்டிய செல்வம் நிரம்ப உண்டு. வீரமாமுனிவர் தமிழுக்கு அளித்த பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். ஆற்றைக் கடந்தபின், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டதென்று கதறியவர்களும் அவர்களே. சிங்களப் பிள்ளைகளின் உள்ளத்திலே அதே இடத்தில் வீற்றிருப்பவர் மகதனமுத்தா. அவருக்கும் சீடர் ஐவர். பானைக்குள் தலையை மாட்டிக்கொண்ட ஆட்டை விடுவிக்க ஊரார் அவரை அழைத்தபோது, ஆட்டின் தலையை வெட்டுங்கள் என்றார் அவர். வெட்டிய பின்னும் தலை பானைக்குள்ளேயே கிடக்க, இனிப் பானையை உடையுங்கள் என்றார். இரு மொழிப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே வகையான மூடரைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்திருக்கின்றனர். எல்லாம் அறிந்தவர் என்று எவரேனும் உயர்ந்த ஆசனத்தில் ஏறி அமரும்போது உள்ளூர எழும் சிரிப்புக்கு மொழிவேற்றுமை இல்லை.

இக்கதைகளின் நயம் இன்னோர் இடத்திலும் இருக்கிறது. தன்னை எண்ண மறந்த சீடனைப் பார்த்துச் சிரிக்கும் எவரும், சற்று நேரங் கழித்துத் தம்மையே அங்கே காண்கின்றனர். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலே ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடாத முதியவர் எத்தனை பேர்? பிறர் குற்றங்களையெல்லாம் எண்ணிவிட்டுத் தம்மை மாத்திரம் எண்ணாமல் விடாதவர் எத்தனை பேர்? சிரிப்பு முதலிலே மூடனைக் காட்டுகிறது; பின்னர் கண்ணாடியைக் காட்டுகிறது.

இலங்கைத் தமிழரிடையே இந்தக் கண்ணாடியை நெடுங்காலம் ஏந்திநின்ற சஞ்சிகை “சிரித்திரன்”. ஓவியர் சி. சிவஞானசுந்தரம் 1960களிலே தொடங்கிய அச்சஞ்சிகையின் சவாரித் தம்பரும் மிஸ்டர் டாமோடிரனும் கேலிச்சித்திரப் பாத்திரங்களாய்ப் பிறந்து, ஊரிலே நடமாடும் மனிதர்களாகவே ஆகிவிட்டனர். தம்பரைப் பார்த்தவர்கள் தம் ஊர்ப் பெரியவரைக் கண்டார்கள். அந்நிய நாகரிகத்தில் மயங்கிய டாமோடிரனைப் பார்த்தவர்கள் தம் உறவினரைக் கண்டார்கள். துணிவுள்ளவர்கள் தம்மையே கண்டார்கள். வானொலியிலும் “லண்டன் கந்தையா” போன்ற நாடகங்கள் ஊர்ப்பேச்சின் சுவையோடு ஒலித்தன. பிற்காலத்தில் கே. எஸ். பாலச்சந்திரனின் “அண்ணை றைற்” என்னும் தனிநடிப்பு, நெருக்கமான பேரூந்தையும் அதன் நடத்துநரையும் மேடைக்குக் கொண்டுவந்தது. நாள்தோறும் மிதிபட்டும் நசுங்கியும் அலுத்தவர்களே அதைக் கேட்டுக் கண்ணில் நீர்வரச் சிரித்தார்கள். பேரூந்தின் நெருக்கம் அதனாற் குறைந்துவிடவில்லை. ஆனால் அதைத் தாங்கும் மனம் அகன்றது.

சிரிப்பின் நன்மையைப் பேசும் எவரும் அதன் கொடுமையைப் பேசாமல் விடுதல் நீதியாகாது. சேர்க்கும் சிரிப்பு ஒன்று. விலக்கும் சிரிப்பு மற்றொன்று. வகுப்பறையிலே திக்கிப் பேசும் மாணவன் எழுந்து நிற்கும்போது எழும் சிரிப்பை அவன் ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. அன்று சிரித்த நாற்பது பேரும் அடுத்த மணியடிக்குமுன் அதை மறந்துவிடுகின்றனர். ஒருவரின் நிறத்தையும் உடலமைப்பையும் குறித்துப் பட்டப்பெயர் வைத்துவிட்டு, அவர் முகம் வாடியதும் “பகிடிக்குத்தானே சொன்னேன்” என்று தப்பித்துக்கொள்வது பலர் வழக்கம். விளையாட்டுக்குச் செய்தாலும் இகழ்ச்சி துன்பந் தருவதே என்று வள்ளுவர் முன்னரே தெளிவுபடுத்தியிருக்கிறார். இவ்விருவகைச் சிரிப்பையும் பிரித்தறிய நுண்ணிய சாத்திரம் வேண்டியதில்லை. எவரைக் குறித்துச் சிரிப்பு எழுந்ததோ, அவரும் உடன் சிரிக்கிறாரா என்று பார்த்தால் போதும். அவர் கண்ணும் சிரித்தால் அது நல்ல சிரிப்பு. அவர் உதடு மாத்திரம் சிரித்தால், அங்கே ஒரு காயம் விழுந்திருக்கிறது.

துயரம் சூழ்ந்த வீட்டிலும் சிரிப்புக்கு ஓர் இடமுண்டு. மரண வீட்டிலே அழுகை ஓய்ந்த சில நாட்களின் பின், இரவிலே உறவினர் பாயில் அமர்ந்திருக்கும்போது, மறைந்தவர் என்றோ செய்த வேடிக்கையொன்றை எவரோ மெல்ல எடுத்துச் சொல்வார். ஒரு கணம் எல்லோரும் திகைப்பார்கள். பின்னர், அழுது சிவந்த கண்களோடு அந்த வீட்டுக்கு உரியவளே முதலிற் சிரித்துவிடுவாள். அச்சிரிப்பு மறதியன்று, இறந்தவருக்குச் செய்யும் அவமதிப்பும் அன்று. மறைந்தவர் நோயாளியாகவும் பிணமாகவும் நினைவில் நிற்காமல், உயிரோடு நடமாடிய மனிதராக மீண்டும் அவ்வீட்டுக்குள் வருகிறார். ஆனால், அந்தச் சிரிப்பு தானாக வரவேண்டும். துயருற்றவரைப் பார்த்துச் சிரியுங்கள் என்று ஏவுவது கருணையாகாது. கிழமைக்கணக்காக எதிலும் மகிழ்ச்சியின்றி, உறக்கமும் உணவும் கெட்டு ஒடுங்கியிருப்பவருக்கு வேண்டுவது வேடிக்கைப் பேச்சன்று. பொறுமையான துணையும் வைத்தியரின் ஆலோசனையுமே வேண்டும்.

இனி, சாதாரணமான ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். மாலை நேரம். திண்ணையிலே ஆச்சியும் பிள்ளைகளும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். படலையடியில் தந்தையின் துவிச்சக்கர வண்டிச் சத்தம் கேட்கிறது. சிரிப்பு அறுந்துபோகிறது. புத்தகங்கள் விரிகின்றன. தந்தை உள்ளே வருகிறார். அந்த அமைதியைக் கண்டு, தமக்குக் கிடைத்த மரியாதை என்று மனநிறைவு கொள்கிறார். அவர் தீயவரல்லர். பிள்ளைகளுக்காகவே உழைப்பவர், அவர்களுக்காகவே சிக்கனமாய் வாழ்பவர். ஆனால் தாம் வருமுன் அந்தத் திண்ணையிலே என்ன பேசிச் சிரித்தார்கள் என்பது அவருக்கு ஒருநாளும் தெரியாது.

ஆண்டுகள் பல கழிகின்றன. பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசி ஒலிக்கிறது. “சுகமாக இருக்கிறீர்களா அப்பா? மருந்து எடுத்தீர்களா?” என்ற இரண்டு கேள்விகள், அவற்றுக்கு இரண்டு விடைகள். அதன்பின், “அம்மாவிடம் கொடுங்கள்” என்ற சொல். அவர் கொடுத்துவிட்டு விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் அமர்கிறார். உள்ளே தாயும் மகளும் ஒரு மணி நேரம் பேசிச் சிரிக்கும் ஒலி கேட்கிறது. தம் வாழ்நாள் முழுவதும் காத்துவந்த மதிப்பு தம்மை எங்கே கொண்டுவந்து இருத்தியிருக்கிறது என்பதை அந்த ஒலி அவருக்குச் சொல்கிறது. சிரிப்புக் குறைந்த வாழ்விலே மனிதன் இழப்பது எதுவென்று கேட்டால், அந்த ஒரு மணி நேரத்தைத்தான் விடையாகச் சொல்லவேண்டும்.

அதை மீட்பதற்குப் பெருமுயற்சி எதுவும் வேண்டியதில்லை. நாளில் ஒருவேளை உணவையாவது வீட்டார் யாவரும் சேர்ந்திருந்து உண்ணலாம். அந்நேரத்திலே கைத்தொலைபேசிகளை வேறோரிடத்தில் வைத்துவிடலாம். யாரோ அனுப்பிய துணுக்கைத் தனியே பார்த்துப் புன்னகைத்து, அதை இன்னொருவருக்கு அனுப்பிவிடுவது சிரிப்பின் நிழலேயன்றிச் சிரிப்பன்று. பிள்ளை சொல்லும் அரைகுறைக் கதையை இடைமறித்துத் திருத்தாமல் இறுதிவரை கேட்கலாம். பலமுறை கேட்ட குடும்பக் கதையை ஆச்சி மீண்டும் தொடங்கும்போது, “இது தெரிந்த கதை” என்று தடுக்காமல் இருக்கலாம். தெரிந்த கதைக்கே குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் சிரிக்கும். கந்தோரிலே மேலதிகாரி தாம் செய்த பிழையைத் தாமே சிரிப்போடு ஒப்புக்கொண்டால், கீழே வேலை செய்பவர் தம் பிழைகளை மறைத்துவைக்காமல் சொல்ல முன்வருவார். ஆசிரியர் கரும்பலகையில் தாம் தவறாய் எழுதியதைப் பார்த்துச் சிரித்துத் திருத்தினால், தவறுவது பாவமன்று என்று வகுப்பு முழுவதும் கற்றுக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒன்றே: தன் அறியாமையைத் தானே சொல்லித் தானே முதலிற் சிரித்தல்.

மேலே கற்பனையாகச் சொல்லப்பட்ட தந்தைக்கும் காலம் கடந்துவிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி ஒலிக்கும்போது, வழக்கமான இரண்டு கேள்விகளுக்கும் விடை சொன்னபின், அவர் உடனே கைமாற்றாமல் சற்றுத் தயங்கலாம். அன்று காலையில் ஒரு காலிலே தம் செருப்பையும் மற்றக் காலிலே மனைவியின் செருப்பையும் மாட்டிக்கொண்டு சந்தைவரை போய், மீன் விற்பவர் சொல்லித்தான் அதை அறிந்துகொண்ட கதையை அவர் மகளுக்குச் சொல்லலாம். மறுமுனையிலே சிறிது நேரம் ஒரு சத்தமும் இராது. தந்தை இப்படிப் பேசிக் கேட்டறியாத மகள் எதைச் சொல்வதென்று அறியாமல் நிற்பாள். அதன்பின் அவள் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். உள்ளேயிருந்து தாய் எழுந்து வந்து, என்ன நடந்தது என்று கேட்பாள். வாய்விட்டுச் சிரித்தால் விட்டுப்போகும் நோய்களுள் முதன்மையானது எதுவென்று அவ்வேளையிலே அவ்வீட்டார் மூவருக்கும் விளங்கும்.